மேட்டுப்பாளையம் ரயில் நிலையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு காரமடையில். மேட்டுப்பாளையத்துக்கு முந்தின ஸ்டேஷன். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் போன் வர ஆரம்பித்துவிடும். சென்னை சித்தி, நெல்லையில் இருக்கும் நண்பர், அவருடைய அலுவலகத்தில் யாரோ ஒருவர் என எல்லோருக்கும் ஊட்டி ரயிலைப் பற்றி ஏதாவது ஒரு சந்தேகம். ஒரே பதிலை எத்தனையோ முறை சொல்லியாயிற்று. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

மேட்டுப்பாளையம் எங்க இருக்கு? ஊட்டிக்குப் பக்கமா, கோயமுத்தூருக்குப் பக்கமா?

கோவை மாவட்டத்தில், நீலகிரி மலையின் அடிவாரத்தில், பவானி ஆற்றங்கரையில். கோவையிலிருந்து வடக்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டர். ஊட்டி இங்கிருந்து ரயில் பாதையில் 46 கிலோமீட்டர், சாலையில் 50க்குக் கொஞ்சம் மேல். தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, உயரத்தில்தான் இருக்கிறது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர், ஊட்டி 2,203 மீட்டர்.

ஊர் சின்னதுதான். ஆனால் நீலகிரி உருளைக்கிழங்கும் கேரட்டும் இறங்கி ஏலம் போகும் மண்டிகள் இங்கேதான். பாக்குக்கும் மண்டி உண்டு. அதனால் விடியும் முன்பே லாரிச் சத்தம் கேட்கும் ஊர்.

அங்க என்னென்ன ரயில் வருது?

மூன்று வகை. ஒன்று, சென்னை சென்ட்ரலிலிருந்து தினமும் வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ். ராத்திரி ஒன்பது மணிவாக்கில் அங்கே கிளம்பி, காலை ஆறு மணிக்கு மேல் இங்கே வந்து சேரும். திரும்பவும் ராத்திரி ஒன்பதுக்கு மேல் இங்கிருந்து சென்னைக்குப் போகும். திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கமிருந்தும் வாரத்தில் குறிப்பிட்ட சில நாள் ரயில் உண்டு. இரண்டாவது, கோவைக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவில் ஓடும் மெமு என்கிற உள்ளூர் மின்சார ரயில். முக்கால் மணி நேரத்துப் பயணம். கல்லூரிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் நம்பியிருப்பது இதைத்தான். ஞாயிற்றுக்கிழமை நேரத்தை மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, காலை 7.10க்கு ஊட்டிக்குக் கிளம்பும் மலை ரயில்.

வெளியூர்க்காரர்கள் மூன்றாவதை மட்டும்தான் கேட்பார்கள். எங்களுக்கு அன்றாடம் இரண்டாவதுதான். காரமடை ரங்கநாதர் கோயில் மாசித் தேருக்கு வருகிறவர்களையும் சேர்த்துச் சொல்கிறேன். அந்தச் சமயத்தில் மெமுவில் நிற்க இடம் கிடைத்தாலே பெரிது.

சென்னையில இருந்து வந்து இறங்கி, அப்படியே மலை ரயில் ஏறிடலாமா?

ஏறிடலாம். அதற்காகவே அமைந்தது போன்ற நேரம். இரண்டும் ஒரே நிலையத்துக்குள்தான் நிற்கும், ஆட்டோ ஏதும் பிடிக்க வேண்டாம். இடையில் ஒரு மணி நேரம் போலக் கிடைக்கும். அதற்குள் பல் தேய்த்து, காபி குடித்துவிடலாம்.

ஆனால் இரண்டும் தனித்தனி டிக்கெட். நீலகிரி எக்ஸ்பிரஸில் இடம் இருக்கிறது என்பதற்காக மலை ரயிலில் தானாக இடம் வந்துவிடாது. முதலில் மலை ரயிலைப் போடுங்கள், அது உறுதியான பிறகு சென்னை ரயிலைப் போடுங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்கிறார்கள். எக்ஸ்பிரஸ் தாமதமாகும் என்ற பயம் இருந்தால் முந்தின நாளே கோவையிலோ இங்கேயோ வந்து தங்கிவிடுங்கள். வயதானவர்களைக் கூட்டிவரும்போது அதுதான் நிம்மதி.

ஆப்ல ஊட்டின்னு போட்டா ரயிலே காட்டலையே?

ரயில்வே கணக்கில் அந்த ஊரின் பெயர் உதகமண்டலம். அதற்கான குறியீடு யுஏஎம். மேட்டுப்பாளையத்துக்கு எம்டிபி, குன்னூருக்கு ஓஎன்ஆர். இந்த மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டால் தேடுவது சுலபம். முன்பதிவு இப்போது பயணத் தேதிக்கு 60 நாள் முன்பிருந்து. முன்பு 120 நாளாக இருந்தது, 2024 நவம்பரில் மாற்றினார்கள். பழைய கணக்கை நினைத்துக்கொண்டு நாலு மாதம் முன்னாடியே தேடி, ரயிலே இல்லை என்று பயந்துவிடாதீர்கள்.

எப்பப் பார்த்தாலும் வெயிட்டிங் லிஸ்ட். வேற வழியே இல்லையா?

ஏப்ரல், மே மாதங்களிலும் தீபாவளி, பொங்கல் லீவிலும் உண்மையிலேயே கஷ்டம். பெட்டிகள் கொஞ்சம், ஏற விரும்புகிறவர்கள் அதிகம். முன்பதிவில்லாத டிக்கெட் காலையில் கவுண்டரில் கொடுப்பார்கள், அதுவும் கொஞ்சம்தான். அதை மட்டும் நம்பிக் குழந்தைகளோடு வர வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

எனக்குத் தெரிந்த நல்ல வழி இரண்டு. மேலே பேருந்தில் போய்விட்டு, மதியம் 2 மணிக்கு ஊட்டியிலிருந்து கிளம்பும் ரயிலில் இறங்கி வருவது ஒன்று. அதுவும் இதே பாதை, இதே பாலங்கள். அதுவும் இல்லையென்றால் குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் தினமும் சில முறை ஓடும் ரயிலில் ஏறுவது. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக அழகான பயணம்தான். ஆனால் பல் சக்கரப் பாதை அந்தப் பகுதியில் இல்லை. அது என்னவென்று கீழே சொல்கிறேன்.

பேருந்து என்றால், பேருந்து நிலையம் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். ஊட்டிக்கும் கோத்தகிரிக்கும் அடிக்கடி வண்டி உண்டு.

இந்த ஸ்டேஷன் எந்த வருஷம் வந்துச்சு? ஒருத்தர் 1873ங்கறார், ஒருத்தர் 1899ங்கறார், போர்டுல 1908ன்னு இருக்கு?

மூன்றும் சரி. மூன்றும் வேறு வேறு.

கோவையை ஒட்டி இருக்கும் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு அகலப் பாதை வந்தது 1873இல். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போன பெரிய பாதை அதற்குப் பத்து வருஷம் முன்பே போத்தனூர் வழியாகப் போய்விட்டது, கோயமுத்தூருக்குள் வராமலே. மலையடிவாரத்துக்கு ஒரு கிளை போட்டபோதுதான் வழியில் இருந்த கோயமுத்தூருக்கும் ரயில் கிடைத்தது. இன்றைக்கு இத்தனை பெரிய நகரம், ஒரு காலத்தில் மேட்டுப்பாளையம் கிளைப் பாதையில் ஒரு ஸ்டேஷனாக இருந்தது. எங்கள் ஊர்ப் பெருமையாக இதை நான் எல்லோரிடமும் சொல்வேன்.

அந்த 1873இலிருந்து இருபத்தாறு வருஷம் ரயில் இங்கேயே நின்றது. சென்னை மாகாண அரசாங்கம் கோடைக்கு ஊட்டிக்கு இடம் மாறும் காலம் அது. ஆட்களும் சாமான்களும் இங்கே இறங்கி, மாட்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும் மலை ஏற வேண்டியிருந்தது. மலைக்கு ரயில் விடும் யோசனை 1854லேயே வந்தும் காரியம் நடக்கவில்லை. 1882இல் சுவிட்சர்லாந்தின் ரிக்கி மலை ரயிலை அமைத்த ரிக்கன்பாக் வந்து பார்த்தார். 1885இல் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். 1891இல் கவர்னர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடங்கிவைத்தார். மூன்றே வருஷத்தில் கம்பெனி நொடித்துப்போனது. புதிய கம்பெனி வந்து வேலையை முடித்து, 1899 ஜூனில் குன்னூர் வரை ரயில் ஓடியது. 1903இல் அரசாங்கமே பாதையை விலைக்கு வாங்கியது. ஊட்டி வரை போய்ச் சேர்ந்தது 1908இல்.

ஆக, ஸ்டேஷனுக்கு 1873, மலை ரயிலுக்கு 1899, ஊட்டிக்கு 1908.

சென்னை ரயிலையே ஊட்டி வரைக்கும் விட்டா என்ன? எதுக்கு இங்க மாறணும்?

விட முடியாது. சென்னையிலிருந்து வருவது அகலப் பாதை, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் 1,676 மில்லிமீட்டர். மலைப் பாதை மீட்டர் கேஜ், 1,000 மில்லிமீட்டர். மலையில் மொத்தம் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். அந்த வளைவுகளில் நீளமான அகலப் பாதைப் பெட்டி திரும்பவே திரும்பாது. அகலப்படுத்த வேண்டும் என்றால் மலையைத்தான் வெட்ட வேண்டும்.

பாதை வேறு என்பது ஒரு காரணம்தான். ஏற்றம் அதைவிடப் பெரிய காரணம்.

தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு பல்லா ஒரு இரும்பு போகுதே, அது என்ன?

இந்தப் பாதையின் உயிரே அதுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை 8 கிலோமீட்டர் கிட்டத்தட்டச் சமதளம், பாக்குத் தோப்புகளுக்கு நடுவே சாதாரண ரயில் மாதிரியே போகும். கல்லாறு தாண்டியதும் மலை நிமிர்ந்துவிடும். ஏறக்குறைய 12 மீட்டர் நகர்ந்தால் ஒரு மீட்டர் உயரம். இரும்புத் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரம் அந்த ஏற்றத்தில் பிடிக்காது, வழுக்கிக்கொண்டு சுற்றும். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம்.

அதற்காக இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வெட்டிய இரும்புச் சட்டங்களைப் பதித்திருக்கிறார்கள். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பல் சக்கரம் அதில் கோத்துக்கொண்டு, ஏணியில் கால் வைத்து ஏறுகிற மாதிரி ஏறும். உற்றுப் பார்த்தால் ஒரு சட்டம் இல்லை, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். ஒரு பல் விடும் நேரத்தில் இன்னொரு பல் பிடித்திருக்கும், பிடி விடுபடவே விடுபடாது. ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் கண்டுபிடித்த முறை இது. அவர் மேலே சொன்ன ரிக்கன்பாக்கிடம் வேலை பார்த்தவர். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும்தான் இந்தப் பல் சட்டம் உண்டு. குன்னூருக்கு மேல் ஏற்றம் குறைவு, 25க்கு 1 அளவுதான், அதனால் தேவைப்படவில்லை. இந்தியாவில் இப்படி ஓடும் ரயில் இது ஒன்றுதான்.

ஏறும்போது இன்ஜின் ஏன் பின்னாடி இருக்கு? தப்பா மாட்டிட்டாங்களா?

தப்பில்லை, பாதுகாப்புக்காக. மலை ஏறும்போது இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம் இருந்து பெட்டிகளைத் தள்ளும். எங்காவது இணைப்பு விட்டுப்போனாலும் பெட்டிகள் இன்ஜின் மேல்தான் சாயும், பள்ளத்தில் உருண்டு ஓடாது. இறங்கும்போதும் இன்ஜின் அதே பள்ளத்துப் பக்கம், அப்போது அது முன்னால் இருக்கும்.

டிரைவர் கடைசியில் இருக்கிறாரே, முன்னால் யார் பாதையைப் பார்ப்பது என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். ஒவ்வொரு பெட்டியின் முன் திண்ணையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் இருப்பார். கையில் கொடி. முன் பெட்டியில் இருப்பவர் பாதையைப் பார்த்துக் காட்டும் சைகை, ஒருவர் கை மாற்றி ஒருவராகப் பின்னால் டிரைவருக்குப் போகும். அவரவர் பெட்டிக்கு பிரேக் போடுவதும் அவர்கள்தான். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் மலையை மட்டும் பார்க்காமல் இவர்களையும் ஒரு நிமிஷம் பாருங்கள். வெயிலோ பனியோ, வெளியில் நின்றபடியே வருகிறவர்கள்.

இந்தக் காலத்துலயும் எதுக்கு நீராவி இன்ஜின்? டூரிஸ்டுக்காகவா?

அழகுக்காக மட்டும் வைத்திருக்கவில்லை. மேலே சொன்ன பல் சட்டத்தில் ஏறத் தெரிந்த இன்ஜின் வேண்டுமே! இந்தப் பாதைக்கென்றே சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்த எக்ஸ் வகை இன்ஜின்கள்தான் காலங்காலமாக அதைச் செய்துவந்தன. நாலு சிலிண்டர் கொண்டவை. இரண்டு, சாதாரணச் சக்கரத்தைச் சுழற்றும். அங்கே வேலை முடித்த நீராவியே அடுத்த இரண்டு சிலிண்டருக்குப் போய்ப் பல் சக்கரத்தைச் சுழற்றும். சமதளத்தில் முதல் ஜோடி மட்டும் ஓடும். நூறு வருஷத்துக்கு முந்தின யோசனை, இன்றைக்கும் வேலை செய்கிறது.

நமக்குப் பெருமையான விஷயம் ஒன்று இருக்கிறது. பழைய இன்ஜின்கள் தேய்ந்தபோது புதியவற்றைத் திருச்சி பொன்மலை பணிமனையிலேயே செய்தார்கள். முதலில் எண்ணெயில் எரிபவை, பிறகு 2021இல் நிலக்கரியில் எரியும் ஒன்று. குன்னூர் போனதும் நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் மாட்டுவார்கள். குன்னூருக்கு மேல் பல் சட்டம் இல்லாததால் டீசலே போதும். மலை இன்ஜின்களின் பணிமனையும் குன்னூரில்தான்.

ஏறுறதுக்கு அஞ்சு மணி நேரம், இறங்குறதுக்கு மூணரை மணி நேரமா? ஒரே தூரம்தானே?

ஒரே தூரம்தான். 7.10க்குக் கிளம்பினால் ஊட்டிக்கு ஏறக்குறைய பகல் 12. அங்கே 2 மணிக்குக் கிளம்பினால் இங்கே மாலை ஐந்தரைக்கு மேல். ஏறும்போது இன்ஜின் மொத்த எடையையும் தள்ள வேண்டும், நீராவி நிறையச் செலவாகும். ஹில்குரோவ் மாதிரி இடங்களில் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் மேலே போகும். இறங்கும்போது எடையே இழுத்துக்கொண்டு போகும், பிடித்து நிறுத்துவதுதான் வேலை.

மணிக்குப் பத்து கிலோமீட்டர் என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள். அவசர வேலை இருந்தால் பேருந்தில் போங்கள், இரண்டு, இரண்டரை மணி நேரம் போதும். இந்த ரயிலில் ஏறினால் அரை நாளை அதற்குக் கொடுத்துவிட வேண்டும்.

எந்தப் பக்கம் உக்காந்தா நல்லா தெரியும்?

ஏறும்போது குன்னூர் வரை இடது பக்கம் என்பது என் தேர்வு. குன்னூருக்கு மேல் வலது பக்கம். இடம் நாம் கேட்டபடி கிடைக்காது என்பதால், பக்கத்தில் இருப்பவரோடு குன்னூரில் மாற்றிக்கொள்ளுங்கள். யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

குழந்தையும் அப்பா அம்மாவும் வர்றாங்க. ரயில்ல பாத்ரூம், சாப்பாடெல்லாம் இருக்குமா?

பெட்டியில் கழிப்பறை இருக்கும் என்று நம்பி ஏறாதீர்கள். மேட்டுப்பாளையம் நிலையத்திலேயே போய்விட்டு ஏறுங்கள், அப்புறம் வழியில் நிற்கும் இடங்களில். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சாப்பாடு கையில் இருக்கட்டும். இட்லியோ புளிசாதமோ எவர்சில்வர் டப்பாவில், தண்ணீர் எவர்சில்வர் பாட்டிலில். நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை, கடையில் வாங்கும் தண்ணீர் பாட்டிலும் அதில் சேரும். வழியில் குரங்குகள் நிறைய. கையில் தின்பண்டத்தை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் குழந்தையை விடாதீர்கள். கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும்: இங்கே வேர்த்துக்கொண்டு ஏறுகிறவர்களுக்கு லவ்டேல் வரும்போது குளிரும்.

ரயில்ல போறதுக்கும் இ-பாஸ் எடுக்கணுமா?

வேண்டாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் வந்த இ-பாஸ், சொந்த வண்டியிலும் வாடகை வண்டியிலும் வெளியூரிலிருந்து நீலகிரிக்குப் போகிறவர்களுக்குத்தான். ரயிலிலும் அரசுப் பேருந்திலும் போகிறவர்களுக்குத் தேவையில்லை. காரை இந்த ஊரில் நிறுத்திவிட்டு ரயில் ஏறுகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

நவம்பர்ல வரலாம்னு இருக்கோம். மழையில ரயில் ஓடுமா?

எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் மண் சரிந்து, பாறை உருண்டு, மரம் விழுந்து தண்டவாளத்தை மூடும். ஒரு நாளில் சரியாவதும் உண்டு, வாரக்கணக்கில் நிற்பதும் உண்டு. 2009 நவம்பரில் நீலகிரியில் பெரிய நிலச்சரிவு ஏற்பட்டு உயிர்ச்சேதமே ஆனது. பாதையும் பல இடங்களில் சேதமாகி மாதக்கணக்கில் ரயில் ஓடவில்லை.

அந்த மாதங்களில் வந்தால் பேருந்துத் திட்டத்தையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். ரயில்வே ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வரும், ஆன்லைன் டிக்கெட் என்றால் தானாகவே கணக்குக்கு வந்துவிடும். ஒரு தடவை என் அக்கா குடும்பம் இப்படி நின்றுபோய் இரண்டு நாள் எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். ரத்து என்று கேட்டால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் ஈர மண் எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல முடியாத சரிவு அது. ஓட்டாமல் இருப்பதுதான் சரி.

யுனெஸ்கோ பட்டம் ஊட்டி ஸ்டேஷனுக்கா, மேட்டுப்பாளையத்துக்கா?

தனி ஸ்டேஷன் எதற்கும் இல்லை. மேட்டுப்பாளையம் முதல் உதகமண்டலம் வரையிலான முழு மலை ரயிலுக்கும். 1999இல் டார்ஜிலிங் மலை ரயில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2005இல் நம்முடையதையும், 2008இல் கால்கா–சிம்லா பாதையையும் அதோடு சேர்த்து, மூன்றும் இந்திய மலை ரயில்கள் என்ற ஒரே பெயரில் இருக்கின்றன. பாதை தொடங்கும் இடம் என்பதால் எங்கள் ஸ்டேஷனுக்கும் அதில் பங்கு உண்டு. கோவையிலிருந்து வரும் அகலப் பாதைக்குக் கிடையாது.

'டாய் ட்ரெயின்'னு சொன்னா உங்களுக்கு ஏன் பிடிக்கல?

பொம்மை என்றால் விளையாட்டுக்குச் செய்தது. இது மலைக்கு ஆட்களையும் சாமான்களையும் கொண்டுபோகச் செய்தது, ஒரு கம்பெனி நொடித்தும் விடாமல் கட்டியது. இன்றைக்கும் ஒவ்வொரு நாள் காலையும் யாரோ அந்தப் பல் சட்டங்களைப் பார்த்து, எண்ணெய் போட்டு, கொதிகலனைச் சூடாக்கினால்தான் 7.10 வண்டி கிளம்பும். குழந்தைகள் பொம்மை ரயில் என்று சொன்னால் எனக்கும் சந்தோஷம்தான். பெரியவர்கள் மலை ரயில் என்றே சொல்லலாம்.

டிக்கெட் கிடைக்கல. சும்மா ஸ்டேஷனையாவது பார்க்க வரலாமா?

கட்டாயம் வாங்க. பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொண்டு காலை ஆறரைக்கு உள்ளே இருங்கள். சின்ன அருங்காட்சியகம் ஒன்று நிலையத்தில் இருக்கிறது, பிறகு திறந்ததும் பார்க்கலாம். முதலில் இன்ஜின் பக்கம் போங்கள். பெட்டிகளுக்குப் பின்னால், கோவைப் பக்கத்துக் கடைசியில் நிற்கும். எண்ணெயும் நீராவியும் கலந்த வாசனை, கொதிக்கிற தண்ணீரின் இரைச்சல், சக்கரங்களுக்கு நடுவே குனிந்து பார்த்தால் அந்தப் பல் சக்கரம். பிரேக்ஸ்மேன்கள் கொடியோடு அவரவர் பெட்டிக்கு ஏறுவார்கள்.

வண்டி நகர்ந்ததும் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டாம், மெதுவாகத்தான் போகும். கொஞ்ச நேரத்தில் பவானிப் பாலத்தின் மேல் சக்கரச் சத்தம் மாறுவது பிளாட்பாரத்திலிருந்தே கேட்கும். அதன் பிறகு புகை மட்டும் பாக்குத் தோப்புக்கு மேலே கல்லாறு பக்கம் போய்க்கொண்டிருக்கும்.